கொச்சி பீச்சில் சூரியோதயம்

அம்மாவோட ரெண்டு நாள் கொச்சி. பிளானை பிரிண்ட் எடுக்க இன்னிக்கு சைதாப்பேட்டை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

பிரிண்ட் ஆன பேப்பரை நீட்டப் போன கடைக்காரர், அதைப் பார்த்துட்டு கையை நிறுத்திட்டார்.

"இன்னாம்மா, 'காலை அஞ்சரை, பீச்சில் சூரியோதயம்'னு போட்டுக்கீது?"

"ஆமாண்ணா. முட்டிவலியோட அம்மாவை நாலரைக்கே எழுப்பணும்."

"பாவம், தூங்க வுடும்மா. அங்க கடல் மேற்கால கீது. சூரியன் உன் முதுகுக்குப் பின்னாலதான் வரும். சாயங்காலம் போய் குந்து, கடல்லயே முழுவும்."

பொறந்ததுலேருந்து பெசன்ட் நகர் பீச் பார்த்தவ நான். கடல்னாலே கிழக்குன்னு நினைச்சுட்டேன், இன்ஜினியரிங் வேற படிச்சுட்டு!

அவரே அந்த வரியை அடிச்சு, 'மாலை ஆறு'ன்னு எழுதிக் கொடுத்தார்.

வீட்ல சொன்னதும் அம்மா, "மகராசன், நல்லா இருக்கணும்"னாங்க. நேந்திரம் சிப்ஸ் முதல் பாக்கெட் அவருக்குத்தானாம்.

சென்னைக்காரங்களே, உண்மையைச் சொல்லுங்க. நான் மட்டும்தானா?