எதிர்ப்பெட்டிக்குப் பாரம்

டீசல் இன்ஜினிலிருந்து ராட்டினத்துக்குப் போகும் பெல்ட் அறுந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. ஈரத்துணியைக் கல்லில் ஓங்கி அடித்ததுபோல ஒரே ஒரு அடி, அவ்வளவுதான். மேலே போய்க்கொண்டிருந்த எங்கள் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி, கொஞ்சம் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய் நின்றுவிட்டது. வீரபாண்டித் திருவிழாவின் நாலாம் நாள், வெயில் சாயத் தொடங்கிய நேரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. "பாப்பா, என்னாச்சு? ஏன் நின்னுபோச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? "ஒண்ணுமில்ல மதினி, ஆள் ஏத்துறாக" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அவருக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினாறு. அப்பா இல்லாத வீடு, அண்ணன் சொல்தான் சட்டம். தேனி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். திருவிழா எட்டு நாளும் வீரபாண்டியில் பந்தல் போட்டு வியாபாரம் நடக்கும். மதினி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு வேறு சிநேகிதியே தேவைப்படவில்லை. ஒரே பாயில் படுத்துப் பேசியிருக்கிறோம், ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். அவருக்கு மூணு மாசம் என்று அம்மாவிடம் சொல்லும் முன்பே என்னிடம்தான் சொன்னார். நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். பாஸானால் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி டீச்சர் டிரெயினிங் படிக்க அனுப்புவதாக அண்ணன் ஒத்துக்கொண்டிருந்தார். வயசுப் பிள்ளையை வெளியூரில் விடுவதா என்று அம்மா குதித்தபோது, "அவ பொறுப்பான பிள்ளைம்மா, எங்கன விட்டாலும் ஒழுங்கா இருப்பா" என்று சொன்னவர் அவர்தான். அந்த ஒரு பேச்சின்மேல்தான் என் படிப்பு நின்றது. அது எனக்கும் தெரியும், மதினிக்கும் தெரியும்.

அன்று காலையில் கிளம்பும்போதே அண்ணன் சொல்லிவிட்டார்: "சாமி கும்பிடுங்க, வளையல் வாங்குங்க. ராட்டினத்துப் பக்கம் மட்டும் போகக் கூடாது." நான் போயிருக்கமாட்டேன், சத்தியமாக. கோயிலைவிட்டு வெளியே வந்ததும் மதினிதான் என் தாவணியைப் பிடித்து இழுத்தார். "பிள்ள பொறந்துட்டா அப்புறம் எனக்கு ஏது ராட்டினம்? ஒரே ஒரு சுத்து பாப்பா. ஒங்க அண்ணனுக்குத் தெரியவா போகுது?" வேண்டாம் மதினி, வேண்டாம் மதினி என்று ரெண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் சரி என்றுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ராட்டினக்காரர் கீழே நின்று வாயில் கை வைத்துக் கத்தினார். "யாரும் எந்திரிக்கக் கூடாது! ஒவ்வொருத்தரா எறக்குறோம்!" அவர் ஆட்கள் நாலைந்து பேர் வடக்கயிற்றைச் சக்கரத்தில் கட்டி, கையாலேயே இழுத்துச் சுற்றினார்கள். அதில் ஒரு கணக்கு இருந்தது. ஒரு பக்கத்து ஆட்களை மொத்தமாக இறக்கிவிட்டால் மறுபக்கம் கனம் கூடி, சக்கரம் கயிற்றையும் ஆளையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடுமாம். அதனால் கீழே வரும் பெட்டியில் பாதிப்பேரை மட்டும் இறக்குவது, பிறகு அதற்கு நேர் எதிர்ப்பெட்டியைக் கீழே கொண்டுவந்து அதில் பாதிப்பேரை இறக்குவது என்று மாற்றி மாற்றிச் செய்தார்கள். எங்கள் முறை வந்தபோது ராட்டினக்காரர் கதவுக் கம்பியைத் தூக்கிவிட்டு, "ரெண்டு பேர்ல ஒரு ஆளு எறங்குங்கம்மா. இன்னொருத்தர் எதிர்ப்பெட்டிக்குப் பாரமா மேல போகணும்" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. "நீங்க எறங்குங்க மதினி" என்று அவர் முதுகில் கை கொடுத்து இறக்கிவிட்டேன். தரையில் கால் பட்டதும் திரும்பி என் கன்னத்தைத் தொட்டு, "பயப்படாத பாப்பா, நான் கீழ நின்னு எல்லாம் பாத்துக்கிறேன்" என்றார். பார்த்துக்கொண்டார், பேஷாகப் பார்த்துக்கொண்டார்.

தனி ஆளாக உச்சிக்குப் போனேன். எதிர்ப்பெட்டியில் இருந்தது வடுகபட்டி பூண்டு வியாபாரி ஒருவரும் அவர் சம்சாரமும். அவர்கள் பெட்டி தரைக்கு வந்ததும் யார் முதலில் இறங்குவது என்று ரெண்டு பேருக்கும் வழக்கு. "ஒன்னயத் தனியா மேல அனுப்பிட்டு நான் எப்பிடிடி நிப்பேன்?" என்று அவர் கத்துகிறார். "அப்ப நீங்க போங்க, நான் எறங்குறேன்னுதான சொல்றேன்" என்று அந்த அம்மா கத்துகிறார். ராட்டினக்காரர் தலையில் அடித்துக்கொள்கிறார். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கூத்தில் அரைமணி நேரம் போனது. காற்றில் பெட்டி கிரீச் கிரீச்சென்று ஆடியது. கீழே முல்லையாற்றில் குளிக்கிற ஜனம், தென்னந்தோப்பு, அப்பால் மலை. எதையும் பார்க்கப் பிடிக்காமல் மதினியின் பச்சைச் சேலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அண்ணன் ஓடி வந்தார். யாரோ கடையில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மதினி அழுதுகொண்டே ஏதோ சொன்னார். அந்த உயரத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. சொல்லிவிட்டுக் கையைத் தூக்கி என்னைக் காட்டினார், ஒரு தடவை அல்ல, ரெண்டு மூன்று தடவை. முதலில் பாப்பாவை இறக்கச் சொல்லுங்கள் என்று மதினி சொல்கிறார், அண்ணன் இனி எல்லாரையும் ஒரு வழி பண்ணிவிடுவார் என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானும் மேலிருந்து கையை ஆட்டினேன்.

ஒருவழியாக வியாபாரி இறங்கி, சக்கரம் சுற்றி, நான் தரைக்கு வந்தேன். கம்பியைத் தாண்டி வெளியே வந்ததும் பளார் என்று ஓர் அறை. அதுவரை அண்ணன் என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. "பிள்ளத்தாச்சிய வம்பு பண்ணி ஏத்திவிட்டிருக்கியே, ஒனக்கு அறிவிருக்கா?" என்றார். திருவிழாக் கூட்டம் மொத்தமும் வேடிக்கை பார்த்தது. நான் மதினியைப் பார்த்தேன். அவர் யாரோ வாங்கிக் கொடுத்த சோடாவைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று என்னையே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மறுநாள் காலை கிணற்றடியில் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பயத்துல சொல்லிட்டேன் பாப்பா. ஒங்கம்மா என்னயக் கொன்னுபோடுவாக. பிள்ள பொறக்கட்டும், நானே ஒங்க அண்ணங்கிட்டச் சொல்லிர்றேன்." நான் நம்பினேன். வயிற்றுப்பிள்ளைக்காரி, பொறுத்துப்போவோம் என்று வாயை மூடிக்கொண்டேன். நம்பியதுதான் நான் செய்த தப்பு என்றால், போகட்டும், அந்தத் தப்பைச் செய்தவள் நான்தான்.

ரிசல்ட் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்களில் நான்தான் முதல். அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சொன்ன சொல்லக் கேக்காத பிள்ளைய ஹாஸ்டல்ல விட்டுட்டு நான் எப்பிடி நிம்மதியா இருக்கிறது? வேண்டாம்" என்றார். மதினி அடுப்படி வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று நின்றேன். தலை நிமிரவே இல்லை. பொறுக்க முடியாமல் நானே எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். என்ன பிரயோசனம்? "ரெண்டு மாசங்கழிச்சு வந்து கதை கட்டுறியா?" என்றாள் அம்மா. மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். கர்ப்பிணியை அழவைத்த பாவியும் நானே ஆனேன். அறை வலித்தது ஒருநாள்தான். அந்தத் தேம்பல் இன்றைக்கும் எரிகிறது.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான். மதினி சொல்லவில்லை. ரெண்டு வருஷத்தில் என்னைப் போடியில் கட்டிக்கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாத மனுஷன், நல்ல பிள்ளைகள். ஆனாலும் விரலில் சாக்பீஸ் தூளோடு டீச்சர் யாரையாவது பஸ்ஸில் பார்த்தால் வயிறு எரியும், பொய் சொல்வானேன். அண்ணன் கடைசிவரை நான் சொன்னதை நம்பாமலேயே போய்ச் சேர்ந்தார். நல்லது கெட்டதுக்கு அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தேன். மதினி அதே பிரியத்தோடு சோறு போடுவார். அவருக்கு அது மறந்தே போயிருக்கும், சின்ன வயசில் பயந்துபோய் அவர் உளறியதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் அந்த வாசப்படியை மிதிக்க முடியாது.

போன மாசமும் போயிருந்தேன். மதினிக்கு வாய்த்த மருமகள் டீச்சர். படித்த பெண்தான் வேண்டும் என்று தேடிப்பிடித்துக் கட்டியவர் மதினிதான். இலை போடும் நேரம், அந்தப் பெண் சும்மா பேச்சுவாக்கில் கேட்டாள்: "சின்னம்மா, நீங்க இவ்வளவு வெவரமாப் பேசுறீங்க, ஏன் மேல படிக்கல?" நான் வாயைத் திறக்குமுன் மதினி சொன்னார்: "அவளுக்கு எங்க படிப்புல நாட்டம்? நாங்க படிக்க வைக்கத்தான் பாத்தோம்."

கோபம்கூட வரவில்லை எனக்கு. பாவம், நெசமாகவே மறந்துவிட்டார் என்றுதான் தோன்றியது. மருமகளிடம், "அது ஒண்ணுமில்லம்மா, ஒரு தடவ வீரபாண்டியில…" என்று ஆரம்பித்தேன். ஊரின் பெயரை மட்டும்தான் சொல்லியிருந்தேன். சோற்றுக் கரண்டியோடு மதினி கை அப்படியே நின்றது. "அதெல்லாம் இப்ப எதுக்கு பாப்பா?" என்றார்.

மறந்துவிட்டார் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷமும் அந்த வீட்டில் கை நனைத்தேன். அன்றைக்கு இலையில் வைத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் போடி பஸ் ஏறினேன்.