பப் கை வெள்ளை ரவிக்கை

பெண்களுக்கு அளவெடுக்கும் வேலையில் கை வலிப்பதைவிட வயிறு எரிவதுதான் அதிகம். தையல் கடையில் நின்றவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

திரைக்கு உள்ளே

கல்லூரிப் படிப்பை முடித்து, ஆசிரியை வேலைக்குக் காத்திருந்த நாட்களில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தையல் கடையில் சேர்ந்தேன். பெண்களுக்கு மாஸ்டர் அளவெடுக்கக் கூடாது. திரைக்கு உள்ளே நான் டேப்பைப் பிடித்துச் சொல்ல, வெளியே அவர் குறித்துக்கொள்வார். முன்பின் தெரியாத பெண்ணின் இடுப்பளவை உரக்கச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. மாஸ்டர் சலித்துக்கொண்டார்: “டீச்சரம்மா, நீங்க பேசுறது இருபது மைல் தள்ளி இருக்கிற கிள்ளான்லேருந்து கேக்குற மாதிரி இருக்கு லா.”

ஒரே துணி

பிறகு ஸ்டெல்லா வேலைக்கு வந்தாள். ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியின் மகள், வெண்கலக் குரல். எந்தச் சேலைக்கும் பொருந்தும் என்று ஊரே வெள்ளை ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த சமயம். அவள் அதில் பப் கை வைத்துப் போட்டிருந்தாள். வந்தவர்களெல்லாம் ‘இதே மாதிரி வேண்டும்’ என்று அவள் தோளையே காட்டினார்கள்.

கிள்ளானில் திறக்கவிருந்த புதுக் கடைக்கு எங்களில் ஒருத்தியைப் பொறுப்பாக அனுப்பப்போவதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார். அந்த இடம் எனக்கு வேண்டும். அதே துணியில், அதே மாஸ்டரிடம், அதே பப் கை தைத்துப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். ஓர் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, இது உங்க அக்காவோட ரவிக்கையா?”

காஜாங் தலைமையாசிரியை

சென்ற யுத்தத்துக்கு முந்தித் தைத்த வெள்ளை ரவிக்கையோடு காஜாங்கிலிருந்து ஒரு தலைமையாசிரியை வந்தார். மணிக்கட்டு வரை இருந்த கை இடையில் எப்போதோ முழங்கைக்கு ஏறியிருந்தது. கழுத்து லேஸைக் காணோம். வெட்டிய துணியைப் பத்திரமாக வைத்திருந்தார். அதைச் சேர்த்துப் பப் கை வேண்டுமாம். சேலைகள் எத்தனையோ கிழிந்துபோய்விட்டனவாம், இதைத் தூக்கிப்போட மட்டும் மனம் வரவில்லையாம்.

ஸ்டெல்லா டேப்போடு எழுந்தாள். அவரோ என் பக்கம் நகர்ந்து, மெதுவாகச் சொன்னார்: “நீயே எடும்மா. போன தடவை அந்தப் பொண்ணு சொன்ன என் இடுப்பளவு ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.”

கிள்ளான் கடை

அந்த மகிழ்ச்சியில் நான் மனத்துக்குள் மூட்டையே கட்டிவிட்டேன். முதலாளியம்மா ஸ்டெல்லாவை அனுப்பினார். அங்கே தெரு இரைச்சலில் என் குரல் திரையைத் தாண்டாதாம். போகட்டும், இனி இங்கே என் தோளையாவது பார்ப்பார்கள் என்று தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் முதலில் வந்த பெண் என் பப் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “கிள்ளானுக்குப் போச்சே ஒரு பொண்ணு, அது போட்டிருந்த மாதிரி தைக்கணும் அக்கா.”

போட்டிக்காரி ஊரைவிட்டுப் போனால் நிம்மதி வந்துவிடும் என்று நம்புகிறவர்கள், அவளுடைய ரவிக்கைக்கு ஊர்ப் பெண்களையெல்லாம் அளவெடுத்துப் பார்க்கட்டும்.