படத்துக்குக் கீழே விட்ட வெற்றிடம்

விருதுநகர்க் கல்லூரியொன்றில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். மல்லாங்கிணற்றுக் கரிசலில் பிறந்தவனுக்குக் கடல் எதற்கு என்று கேலி பேசியவர்கள் உண்டு. இருப்பினும் விடுமுறைதோறும் மன்னார் வளைகுடாவுக்குச் சென்று, மெல்லிய வலையால் நண்டு லார்வாக்களை அரித்தெடுத்து வந்தேன். கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் அந்தக் குஞ்சுகளைக் கரையோர நீரோட்டம் வெகுதூரம் கொண்டுபோய்விடும் என்றே பலரும் கருதினர். நான் கண்டது வேறு. அங்குள்ள தீவுகளின் மறைவில் ஓட்டம் சுழன்று திரும்புகிறது. அச்சுழலில் அகப்பட்டவை பிறந்த இடத்தருகிலேயே தங்கி வளர்கின்றன.

உடன் பணியாற்றிய நண்பர் இதை ஒருநாளும் ஒப்பியதில்லை. "மேலக்காத்துல தூசி நிக்குமா சார்? அம்புட்டும் அடிச்சிட்டுப் போயிரும்" என்பார்.

சென்ற ஆண்டு அவரே முன்வந்து, முன்னாள் மாணவர்களுக்கான காலண்டரில் என் நீரோட்டப் படத்தை அச்சிடலாம் என்றார். நெகிழ்ந்துபோனேன். அம்புக்குறிகளோடு படத்தை வரைந்து கொடுத்தேன். சிவகாசிக் காலண்டர்களின் வழக்கப்படி, பெயர் அச்சிடக் கீழே ஒரு பட்டையை வெறுமையாக விட்டேன். தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வது என் இயல்பன்று. நண்பர் எழுதுவார் என்றிருந்தேன்.

வெளியீட்டு விழாவில் முதற்படியை என் கையில் தந்தார்கள். பட்டையில் 'ஆய்வும் படமும்' என்ற சொற்களுக்குப் பின் நண்பரின் பெயர் இருந்தது.

இது எப்படி நேர்ந்தது என்று, அருகில் அமர்ந்திருந்த அச்சக முதலாளியிடம் தணிந்த குரலில் கேட்டேன்.

"ஆர்டர் குடுத்தவுக பேரத்தான அண்ணாச்சி கீள அடிப்போம்? சார்தான் எழுதிக் குடுத்தாக."

அப்போது மாணவி ஒருத்தி எழுந்து மேடையிலிருந்த நண்பரைக் கேட்டாள்: "தண்ணி இளுத்துட்டுப் போகையில அதுக மட்டும் எப்படி சார் அங்கனயே நிக்கும்?"

நண்பர் என்னைப் பார்த்தார். எழுந்து, சுழல் உருவாகும் விதத்தை முறையாக விளக்கினேன். நான் அமர்ந்ததும் ஒலிபெருக்கியில் அவர் சொன்னார்: "நான் கண்டுபிடிச்சத என்னையவிட சார் அழகாச் சொல்லிட்டாக."

அவை கைதட்டியது. நானும் தட்டினேன். பெயருக்காகச் சபையில் வழக்காடியவன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

பொங்கலன்று நண்பர் என் வீட்டுக்கு வந்தார். வெறுஞ்சுவரைப் பார்த்தவர், "காலண்டர மாட்டலியா சார்?" என்றார்.

"ஆணி இல்லை."

"அதுக்கென்ன, அடுத்தவாட்டி வரும்போது நானே வாங்கியாரேன்" என்று சொல்லி, காபி முழுவதையும் குடித்துவிட்டே எழுந்தார். வாசல்வரை சென்று வழியனுப்பினேன்.