ஜன்னல் கண்ணாடியில் ஒரு கோடு

உங்களிடம் சொல்வதற்கென்ன, போன வாரம் மகளுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் போட்ட மோதிரத்திலிருந்து கல் கழன்றுவிட்டது. "பதிச்சு வாங்கிட்டு வாங்கப்பா" என்று என்னிடம் கொடுத்தாள். நானோ ஓசூரில் தெரியாத கடையாகப் பார்த்து நுழைந்து, வைரம்தானா என்று கேட்டேன். கடைக்காரர் பேனா மாதிரி ஒரு கருவியால் கல்லைத் தொட்டார். பீப் என்றது. "ஒரிஜினல்தான் சார்." எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கல்லை அவர் மடித்துத் தந்த வெள்ளைக் காகிதம் என்னைக் கர்நாடக எல்லையோரத்து ஜூஜுவாடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அறுபதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது. அப்பா அங்கே வாத்தியார். பெங்களூர் ரோட்டை ஒட்டி வீடு. லாரி போனால் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். கண்ணெதிரே பால் கறந்தாலும் அப்பா முதலில் சொம்பைக் கவிழ்த்துப் பார்ப்பார். அந்தக் குணம் அப்படியே எனக்கு வந்திருக்கிறது. மூக்கு மட்டும் அம்மாவுடையது.

அக்காவுக்கு வைர மூக்குத்தி போடுவதாகச் சம்பந்தியிடம் பேச்சு. அத்திப்பள்ளியிலிருந்து நஞ்சுண்டய்யா என்ற கல் வியாபாரி பஸ்ஸில் வந்தார். காகித மடிப்புக்குள் உளுந்தளவில் நிறமே இல்லாத கல். வைரத்தை மூன்று நாள் வீட்டில் வைத்து ராசி பார்த்துவிட்டு வாங்குவதுதான் வழக்கம்.

"மூணு நாள் மனேல வெச்சு நோடுங்க மேஷ்ட்ரே. ஒத்து வரலேன்னா வாபஸ் குடுங்க" என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு, ஒரு கையெழுத்துகூட வாங்காமல் போய்விட்டார்.

அதுதான் அப்பாவை உறுத்தியது. "நெஜ வைரத்தை எவனாச்சும் இப்டி விட்டுட்டுப் போவானாடி?"

"நம்பி விட்டுட்டுப் போனா அதுவும் குத்தமா?" என்றாள் அம்மா.

அப்பா கல்லின்மேல் ஊதினார். படிந்த ஆவி உடனே மறைந்தது; வைரம் அப்படித்தானாம். செய்தித்தாள்மேல் கவிழ்த்து வைத்தார். அடியிலிருந்த எழுத்து தெரியவில்லை. அதுவும் சரிதானாம். "எல்லாமே சரியா இருக்குதே!" என்று அதையும் சந்தேகப்பட்டார். இரண்டாம் நாள் பால் திரிந்தது. என் காலில் முள் குத்தியது. வாரத்துக்கு நாலு முள் குத்திக்கொள்பவன் நான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாள் அப்பாவின் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் வந்தார். "வைரம்னா சுத்தியில அடிச்சாலும் உடையாது சார்" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார். அப்பா கல்லை அம்மிமேல் வைத்தார். அம்மா "வேணாங்க" என்பதற்குள் அடித்துவிட்டார்.

நாலைந்து துண்டுகள். "பாத்தியா, கண்ணாடி!" அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததேயில்லை. வெளுத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் காத்து நின்றார்.

நஞ்சுண்டய்யா வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. அம்மாவிடம் உடைந்த கண்ணாடி வளையல் துண்டு கேட்டு வாங்கி, ஜன்னல் கண்ணாடியில் தேய்த்தார், வழுக்கிக்கொண்டு போனது. பிறகு கல்லின் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து இழுத்தார். கிரீச். சாண் நீளத்துக்கு மெல்லிய வெள்ளைக் கோடு.

"எதைக் கீறினாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது மேஷ்ட்ரே. அடிச்சா தாங்காது. நான் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாமே."

அம்மா கல்லுக்கு ஈடாகக் காதுக் கம்மலைக் கழற்றி வைத்தாள். அவர் எடுத்துக்கொண்டார். அக்கா கல்யாணத்தில் அம்மாவின் காதுகளில் வேப்பங்குச்சி. அக்காவுக்குச் சாதாரண வெள்ளைக்கல் மூக்குத்தி. அதற்கு முன்பே அப்பா கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிப்போய், தான் செய்ததைச் சம்பந்தியிடம் தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிய வந்தது.

அந்த ஜன்னல் கண்ணாடியை அப்பா கடைசிவரை மாற்றவிடவில்லை. இப்போது மூன்று நாள் வைத்துப் பார் என்று கல்லை விட்டுப்போகிறவர் யாரும் இல்லை. ரோட்டை அகலமாக்கியபோது வீடும் ஜன்னலோடு போய்விட்டது. இருந்திருந்தால் மகளை அதன் முன்னால் நிறுத்திக் கோட்டைக் காட்டியிருப்பேன்; மீதி அவளுக்கே புரிந்திருக்கும். இப்போது, அவள் மோதிரக் கல்லைச் சந்தேகப்பட்டதை நானும் வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

அவளுடைய கம்பெனி பஸ் சாயங்காலம் ஆறு மணிக்கு வரும்.