சிரிப்பு சிவபாலனும் ஆல்பனி அருணாசலமும்

செவ்வாய்க்கிழமை காலை மனுரேவா நிலையத்தில் ரயிலுக்காக நின்றிருந்தபோது ராணி அக்கா அழைத்தார். "தம்பி, இவர் போயிட்டார்" என்றார். வேலைக்கா என்று கேட்க வாயெடுத்து, அவர் குரலைக் கவனித்து மூடிக்கொண்டேன். பக்கத்து ஊரான விரியில் ஒரு கிடங்கில் இருபது ஆண்டுகள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய சிவபாலன் அண்ணன், ஓய்வுபெற ஓராண்டு இருக்கையில், தூக்கத்திலேயே போய்விட்டார். ஆக்லாந்து தமிழர்களுக்கான நம் இணையக் குழுவில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் இரண்டு பேர் என்பதுதான் தெரியாது. இறுதிச் சடங்கில் நடந்த குழப்பத்துக்குப் பிறகு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நம் குழுவில் ஒரு பெரியவரின் மரண அறிவித்தல் வந்தது. தேநீர் இடைவேளையில் அதைப் பார்த்த அண்ணன், அழும் முகத்தை அழுத்தப் போனார். தொடுதிரைக்கு ஏற்றது என்று சொல்லிக் கம்பெனி கொடுத்த கையுறையோடு அழுத்தினார். விழுந்தது சிரிக்கும் முகம். அதற்குள் மணி அடித்துவிட்டது. ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். நான்கு மணி நேரம் கழித்து இறங்கியபோது அவர் 'சிரிப்பு சிவபாலன்' ஆகியிருந்தார். விளக்கம் எழுதினார். விளக்கத்துக்கு ஒரு விளக்கம் எழுதினார். மூன்றாவது விளக்கத்தின் கீழ் யாரோ சிரிக்கும் முகம் போட்டார்கள்.

அதன் பிறகு அவர் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. வாடகை வீட்டுக்குப் போகும் ஒரு குடும்பம் யோசனை கேட்டபோது, குடிபோகும் முன்பே சுவரில் உள்ள பூஞ்சணத்தையெல்லாம் படம் பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள் என்று எழுதினார். நல்ல யோசனை. ஒருவர், "அண்ணே, இதுவும் காமெடியா?" என்று கேட்டிருந்தார். மூன்று நாள் கழித்து 'அருணாசலம், ஆல்பனி' என்ற புதிய உறுப்பினர் அதே வரிகளை எழுதினார். ஆல்பனி நகரின் வடக்கே வசதியானவர்கள் இருக்கும் பக்கம்; மனுரேவா போலக் கிடங்குத் தொழிலாளர் ஊர் அல்ல. நாற்பது பேர் இதயம் போட்டார்கள். சிலர் சேமித்து வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு இது தெரியவந்தது தற்செயல். நான் ஐடி வேலை என்பதால், ஏதோ உறுதிப்படுத்தும் எண் வரமாட்டேன் என்கிறது என்று அண்ணன் ஒரு பழைய ஃபோனை என்னிடம் நீட்டினார். திரையில் அருணாசலத்தின் கணக்கு. முகப்புப் படத்தில் ஒரு புத்தக அலமாரி. மனுரேவா நூலகத்தில் எடுத்தது, பின்னால் கழிவறைக்கு வழிகாட்டும் பலகை பாதி தெரிந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் கூசவில்லை.

"தம்பி, நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லேல்லை. ஊரை மட்டும்தான் மாத்தினனான்" என்றார். பிறகு, "நான் இருக்குமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார். அந்தக் கெடு செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அருணாசலத்தைப் பேராசிரியர் ஆக்கியது நாம்தான். ஆல்பனியில் பல்கலைக்கழகம் இருக்கிறது, அவர் முற்றுப்புள்ளி வைத்து எழுதினார். அது நமக்குப் போதுமானதாக இருந்தது. அண்ணன் பதறிப்போனார். நான் பேராசிரியர் அல்லன் என்று அருணாசலம் எழுதினார். என்ன அடக்கம் என்று பாராட்டு குவிந்தது. அதற்கு மேல் மறுப்பது ஆணவமாகிவிடும் என்று விட்டுவிட்டார். ஆனால் அந்தப் பெயரை அவர் காப்பாற்றிய அக்கறையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அருணாசலம் சரிபார்க்காத செய்தியை யாருக்கும் அனுப்பமாட்டார். பசியோடு பதில் எழுதமாட்டார். ஓம் என்றும் எழுதமாட்டார், ஆமா என்றும் எழுதமாட்டார். அதனால் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரு தரப்பும் அவரைத் தங்கள் ஆள் என்று நம்பின. "பேர் எடுக்கிறது பெரிய வேலை இல்லைத் தம்பி" என்பார் அண்ணன். "எந்தப் பேரிலை நிக்கிறம் எண்டு மறக்காமல் இருக்கிறதுதான் வேலை."

ஒருமுறை நம் விழாக்குழு அருணாசலத்தைத் தீபாவளிக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. உடல்நிலை இடம்தரவில்லை, என் சார்பில் மனுரேவா சிவபாலன் வருவார் என்று பதில் வந்தது. விழாக்குழுத் தலைவர் முரளி அதை மூன்று தடவை படித்ததாகச் சொன்னார். அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்தார். பேராசிரியருக்கான பொன்னாடையைப் பெற்றுக்கொண்டார். "சேர்த்துடுவீங்கல்ல?" என்று முரளி மைக்கிலேயே கேட்டார். அண்ணன் தலையசைத்தார். அந்தப் பொன்னாடையை அவர் ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. அலமாரியில் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அது என்ரை இல்லை" என்றார்.

ராணி அக்கா அதை இறுதிச் சடங்கில் அவருக்குப் போர்த்தியிருந்தார். வரிசையில் வந்த முரளி பெட்டியருகே நின்று குனிந்தார். நிமிர்ந்து, பக்கத்தில் இருந்த என்னிடம் மெல்லிய குரலில் சொன்னார். "இது அருணாசலம் சாரோட பொன்னாடை. கரையைப் பாருங்க. கடைசி வரைக்கும் கொடுக்கவே இல்ல மனுஷன்." சில நிமிடங்களில் அது மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. கூடவே இன்னொரு முணுமுணுப்பு: தனக்காக மேடையேறிய ஆள் செத்துக் கிடக்கிறான், அந்தப் பேராசிரியர் குழுவில் வந்த மரண அறிவித்தலின் கீழ் ஓர் அழும் முகம்கூடப் போடவில்லையே.

ஒருவர் திருடன், இன்னொருவர் நன்றிகெட்டவர். ஒன்பது ஆண்டு உழைப்பு ஒரு மண்டபத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெயரையாவது காப்பாற்றலாம் என்று அக்காவிடமிருந்து அந்தப் பழைய ஃபோனை வாங்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். திரை விரிசல் விட்டிருந்தது. அறிவித்தலைத் திறந்தேன். அழும் முகத்தைப் பார்த்து, பொறுமையாக, கையுறை இல்லாமல் அழுத்தினேன்.

சிரிக்கும் முகம் விழுந்தது. அடுத்த கணம் பேட்டரி தீர்ந்து ஃபோன் அணைந்தது. அந்தக் காலத்து சார்ஜர் அங்கே யாரிடமும் இல்லை. உள்ளே போனால், பேராசிரியர் சிரித்துவிட்டார் என்ற செய்தி பரவி, மௌன அஞ்சலிக்கு நடுவே எல்லார் சட்டைப்பையும் அதிர்ந்துகொண்டிருந்தது.

ஆகவே, குழுவினரே, பொன்னாடை திருடப்படவில்லை. உரியவரிடம் போய்ச் சேர்ந்தது, சற்றுத் தாமதமாக. பேராசிரியர் சிரிக்கவில்லை, அது என் கட்டைவிரல். அவருக்கும் அதே நாளில்தான் மரணம். நீங்கள் சேமித்து வைத்திருக்கும் யோசனைகளை அழித்துவிடாதீர்கள். அவை மனுரேவாவில் எழுதப்பட்டவை என்றாலும் சரியானவை.

அன்று மாலை அண்ணன் வீட்டில் ஃபோனை சார்ஜ் ஏற்றி, அந்த முகத்தை எடுத்துவிடட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். அவருக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரிந்திருந்தது. அருணாசலம் பசியோடு எழுதமாட்டார் என்றால், சாப்பாடு போட்டது யார்? கண்ணாடி போட்டு நெடுநேரம் திரையைப் பார்த்தார்.

"விடுங்கோ தம்பி. அண்டைக்கு அந்தச் சிரிப்பாலை மனுசன் ஒரு கிழமை சாப்பிடேல்லை. இப்ப தன்ரை சாவுக்குத் தானே சிரிச்சிட்டுப் போறார். இருக்கட்டும்."

ஃபோனை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், எழுதும் முன் எந்தப் பெயரில் நிற்கிறேன் என்று மேலே ஒருமுறை பார்த்துக்கொள்ளும் பழக்கமும்தான். நேற்று ஒரு புதுக் குடும்பம் வாடகை வீட்டைப் பற்றிக் குழுவில் கேட்டிருந்தது. மேலே பார்த்துக்கொண்டேன். பூஞ்சணத்தைப் படம் பிடியுங்கள் என்று என் சொந்தப் பெயரிலேயே எழுதினேன்.

இதுவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. நானும் மனுரேவாதான்.