சாமான் சுற்றிய கடுதாசி

சாமானைப் பற்றிக் கேட்டால் கடைக்காரனிடம் மறுமொழி இருக்கும். சாமான் சுற்றிய கடுதாசியைப் பற்றிக் கேட்டால் முழிக்கத்தான் வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் புதுக்குடியிருப்பில் பலசரக்குக் கடை வைத்திருந்தேன். போரால் எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்ததால் பழைய பேப்பர், போத்தல், பை ஒன்றையும் ஒருவரும் எறிவதில்லை. கடை நடத்தியவர் என்றால் இந்தக் கேள்விகள் உங்களையும் விட்டிருக்காது.

வடையில் எழுத்து

பின்னேரங்களில் கடை வாசலில் வடை போடுவோம். சுடச்சுடப் பேப்பரில் சுற்றிக் கொடுப்பதுதான் வழக்கம். கரையோரத்துக் கடற்தொழில் குடும்பத்து றெஜினா அக்கா ஒருநாள் ஒரு வடையைத் திருப்பிக் கொண்டுவந்தா. அதன் முதுகில் செய்தியொன்று இடம் வலம் மாறிப் பதிந்திருந்தது. "சின்னவள் இதை எழுத்துக்கூட்டி வாசிச்சுப்போட்டுத் தின்னப் பாக்கிறாள். இந்த மை வயித்துக்க போனால் என்ன செய்யும், தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. மருந்துக்கடை ஐயாவைக் கேட்டேன். "நல்லதில்லை, நீர் இலைக்கு மாறும்" என்றார். அடுத்த நாளே தேக்கிலைக்கு மாறினேன், கொஞ்சம் பெருமையோடு. இரண்டு நாளில் அக்கா திரும்பவும் வந்தா. சூட்டுக்கு இளம் இலையின் சாயம் இறங்கி வடை சிவந்துபோயிருந்தது. அவா கோபிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டா: "பேப்பரில மை இருந்தது, சரி. இலையில ஆர் தம்பி அச்சடிச்சது?"

கழுவின போத்தல்

முருகேசு மலையகத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் குடியேறி விவசாயம் செய்தவர். மகளுக்குச் சோறு பிசைய நல்லெண்ணெய் வாங்கப் போத்தலோடு வந்தார். மூடியைத் திறந்ததும் பூச்சிமருந்து மணம் அடித்தது. "சாம்பல் போட்டு மூணு தரம் கழுவிட்டேங்க" என்றார். நான் ஊற்ற மறுத்தேன். வேறு போத்தலும் கைவசம் இல்லை. முகம் கறுத்துப்போய் வெறுங்கையோடு சைக்கிளில் ஏறினார்.

மணந்தது உண்மைதானா என்று பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கிழமை கழித்து ஒரு சோடாப் போத்தலோடு வந்தார். கோபத்தில் என்னைப் பொய்யனாக்கவே, முந்திக் கொண்டுவந்த போத்தலில் சீனித் தண்ணீர் ஊற்றி வேலியோரம் சரித்து வைத்தாராம். சொல்லும்போது குரல் இறங்கிப்போனது. "உள்ள போன எறும்பு ஒண்ணுகூட வெளிய வரலீங்க. எம்புள்ளைக்கு நானே ஊத்தப் பாத்தேன்."

உரப்பை

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சாந்தி, கைக்குழந்தையோடு வந்து ஒரு யூரியாப் பையை விரித்துக் காட்டினா. நிவாரண அரிசியை அதில்தான் வைத்திருந்தாவாம். தையலோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. "பிள்ளை வயித்தால போறதுக்கு இதுவோ காரணம்?" என்று கேட்டா.

"தெரியாது பிள்ளை. டொக்டரிட்டக் காட்டுங்கோ. ஆனால் இதில அரிசி வைக்காதேங்கோ" என்றேன். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று இருக்கிறது என்றா. அதுவும் வேண்டாம் என்றேன். நிறப் பொலித்தீன் பைக்கும் அதையே சொன்னேன். அவா யூரியாப் பையைத் திரும்ப மடித்தா. கடைக்குப் பின்னால் குசினியில் சமைத்தபடி கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, தோய்த்து மடித்த தலையணை உறையைக் கொண்டுவந்து அவாவின் கையில் வைத்தா. சாந்தி என்னைப் பார்த்துச் சொன்னா: "நீங்கள் வேண்டாமெண்டு மூண்டு சொன்னியள் அண்ணை. வேணுமெண்டு அக்காதான் ஒண்டு தந்தவா."

அத்தனை வருசம் தராசு பிடித்தும், பிள்ளை பெற்றவர்களின் கேள்விகளில் பாதிக்கு மறுமொழி தெரியாமலேதான் நான் கடையைப் பூட்டினேன்.