மூச்சுத் துளை இல்லாத முகம்

பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை நான். இருபத்திரண்டு வருஷமாகப் பேய்தான் எனக்குச் சோறு போடுகிறது. மெக்சிகோ நகரத்தில் சினிமாவுக்குப் பேய் முகம் செய்கிறவள். அழுகிய கன்னம், பிதுங்கிய கண், கிழிந்த வாய்... எது கேட்டாலும் ரப்பரில் செய்து தருவேன். பெயர் ரெஃபூஹியோ. எல்லோரும் குக்கா என்பார்கள். இப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இது நடந்தது. நள்ளிரவில் இல்லை. பட்டப்பகலில், மதியம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

1971இல் 'கிணற்றுக்காரன்' என்று ஒரு படம் வந்தது. தியேட்டரில் ஒன்பது நாள் ஓடிச் செத்துப் போனது. பிறகு திருட்டு கேசட்டில் உயிர் பிடித்தது. பேய்ப்படப் பைத்தியங்களுக்கு அது வேதம். கதை ஒன்றும் பிரமாதமில்லை. கிணற்றிலிருந்து ஒருவன் ஏறி வருவான், ஊரைக் கொல்லுவான், அவ்வளவுதான். ஆனால் அவன் போட்டிருக்கும் முகமூடி! கண் மூடியிருக்கும். வாய் கொஞ்சம் திறந்திருக்கும், என்னவோ கேட்க வந்து பாதியில் நிறுத்தியதுபோல. அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் மறப்பதில்லை. அது யாருடைய முகம் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. டைட்டிலில் பெயர் இல்லை.

இந்தப் படத்தைத்தான் இக்கேர் மறுபடி எடுக்கக் கிளம்பினான். முப்பத்திரண்டு வயது, தலையில் எப்போதும் ஒரு கம்பளிக் குல்லாய், எதைப் பார்த்தாலும் "செம" என்பான். இந்தக் காலத்துப் பசங்கள் ஏழு வினாடிக்குள் பயப்படவில்லை என்றால் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்களாம். அதனால் பழைய கதையைத் தூக்கிப் போட்டுவிட்டான். ஊரை வெட்டி, கிணற்றை வெட்டி, எல்லாவற்றையும் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கொண்டு போனான். முகம் மட்டும் அப்படியே வேண்டும் என்றான்.

கிணற்றுக்காரனாக நடிக்க என் தம்பி நபோரைத் தேர்ந்தெடுத்தான். அம்மா போன பிறகு நான் வளர்த்த பையன். பத்து வருஷமாகப் பின்னால் நிற்கிற கூட்டத்தில் ஒருவனாக நடித்தவனுக்கு முதல் தடவையாகப் பெயர் சொல்லும் வேடம். "அக்கா, தினம் ஆறு மணி நேரம் மூஞ்சி தெரியாம நடிக்கப்போறேன், அதுக்குப்போய் இவ்வளவு சந்தோஷப்படறேன் பாரு" என்று சிரித்தான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பழைய முகமூடியைச் செய்தவர் உயிரோடுதான் இருந்தார். எவோதியோ. எண்பத்தைந்து வயது. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் அவர்தான் வாத்தியார். முகமூடி நபோருக்குச் சரியாகப் பொருந்த அவன் முகத்தின் அச்சு வேண்டும். அதை அவர் கையாலேயே எடுக்க வைத்து, படம் பிடித்து, விளம்பரத்துக்குப் போடலாம் என்பது இக்கேரின் யோசனை. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் முகத்தை அளந்துவிடலாம். வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய முறைதான். முகத்தில் வாசலின் தடவி, நேரடியாக பிளாஸ்டர். மூக்கில் இரண்டு ஸ்ட்ரா. இருபது நிமிஷம் அசையாமல் உட்கார வேண்டும். கண் தெரியாது, காது கேட்காது, பேச முடியாது. அதனால் மடியில் ஒரு நோட்டும் கையில் பென்சிலும் கொடுப்போம். இந்தத் தொழிலில் முதல் பாடம் ஒன்றுதான். பிளாஸ்டருக்குள் ஆள் இருக்கும்போது நாற்காலியை விட்டு நகரக்கூடாது. கழிப்பறைக்குக்கூடப் போகக்கூடாது.

அச்சு எடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் வாத்தியார் தன் வீட்டுப் பெட்டியிலிருந்து அசல் அச்சைக் கொண்டுவந்தார். பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தது. ஆசையோடு உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். கண் குழி, உதடு, மூக்கு... மூக்கில் துளை இல்லை.

உயிருள்ளவன் முகத்தில் எடுத்த அச்சில் ஸ்ட்ரா இருந்த இடத்தில் இரண்டு துளை இருந்தே ஆக வேண்டும். கேட்டேன். "அப்புறமா நான்தான் அடைச்சேன்மா, அப்பல்லாம் அப்படித்தான்" என்றார். அச்சில் யாரும் அடைக்க மாட்டார்கள். தேவையே இல்லை. அது எனக்குத் தெரியும். நாற்பது பேருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரிடம் எப்படி மல்லுக்கு நிற்பது என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வாயை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 14, திங்கட்கிழமை. போர்த்தாலெஸ் பகுதியில் என் பட்டறை. உள்ளே நாங்கள் நான்கு பேர்தான். நாற்காலியில் நபோர், அவன் தலைமாட்டில் வாத்தியார், பக்கத்தில் நான், மூலையில் கேமராவோடு இக்கேர்.

12:40க்கு ஆரம்பித்தோம். 1:02க்கு முகம் முழுக்க மூடியாயிற்று.

"நல்லா இருக்கியாடா?" என்று அவன் தோளைத் தட்டினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஸ்ட்ராவில் மூச்சு வந்து போனது. சுர்ர்... சுர்ர்...

1:07க்கு நோட்டில் எழுதினான். "அக்கா, என் காதுகிட்ட யாரு மூச்சு விடறது?"

யாரும் இல்லை. வாத்தியார் கை கழுவப் போயிருந்தார். நான் முன்னால் நின்றேன். நான் இல்லை என்பதற்கு அடையாளமாக அவன் முழங்காலை இரண்டு தடவை தட்டினேன். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், உள்ளே என்னென்னவோ கேட்கும், சகஜம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

1:10. பென்சில் மறுபடி நகர்ந்தது. மெதுவாக. சின்னப் பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக.

"எவோதியோ ஐயா சாப்பிட்டுட்டு வந்துட்டாங்களா?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. யாரும் சாப்பிடப் போகவில்லையே! அப்புறம்தான் பார்த்தேன். என் தம்பி இடதுகைக்காரன். பென்சில் வலது கையில் இருந்தது.

கை கழுவிவிட்டு வந்த வாத்தியார் நோட்டைப் படித்தார். முகம் ரத்தமில்லாமல் வெளுத்துவிட்டது. அவர் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது.

"கழட்டு," என்றார். "சீக்கிரம் கழட்டு."

1:12. அச்சின் ஓரத்தில் விரல் கொடுத்து இழுத்தேன். வரவில்லை.

பத்து நிமிஷ பிளாஸ்டர். அரைகுறையாகத்தான் இறுகியிருக்க வேண்டும். வாசலின் வேறு தடவியிருக்கிறது. கல்லாக நின்றது. இழுத்த இடத்தில் தோல்தான் கூடவே வந்தது. தாடையில் ரத்தம்.

சுர்ர்... சுர்ர்...

"செம," என்றான் மூலையிலிருந்து இக்கேர். இதெல்லாம் நாங்கள் போடுகிற நாடகம் என்று நினைத்துவிட்டான் மடையன்.

ஸ்ட்ரா இரண்டும் தாமாக நழுவி நபோரின் மடியில் விழுந்தன.

சுர்ர் நின்றது.

துளையைப் பார்த்தேன். துளை இல்லை. வழவழவென்று மூடியிருந்தது.

உளியை எடுத்து மூக்கருகே வைத்துத் தட்டினேன். டக்... டக்... உளிதான் மழுங்கியது. நபோரின் நெஞ்சு மேலே ஏறியது. இறங்கவில்லை.

பென்சில் மட்டும் நிதானமாக எழுதியது.

"அவரு சொல்லட்டும்."

1:14.

நான் வாத்தியாரின் சட்டையைப் பிடித்தேன். எண்பத்தைந்து வயசு, குரு, மரியாதை... எல்லாம் போயிற்று. என் தம்பி செத்துக்கொண்டிருக்கிறான்!

"என்ன செஞ்சீங்க? சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"என் தம்பிக்கு ஏதாச்சும் ஆச்சு, உங்களை இங்கேயே கொன்னு போடுவேன். சொல்லுங்க."

நபோரின் கால் துடித்தது. ஒரு செருப்பு கழன்று ஓடியது.

வாத்தியார் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்.

"அன்செல்மோ... மில்பா ஆல்தா ஊர்ப் பையன். ரெண்டு நாள் கூட்டத்துல நிக்க வந்தவன். கையை ஆட்டிக்கிட்டே இருந்தான். பிளாஸ்டர் கெட்டுப் போகும்னு நாற்காலியோட சேர்த்துக் கட்டினேன். பசிச்சுது. சாப்பிடப் போனேன்."

"அப்புறம்?"

"ரெண்டு கிளாஸ் குடிச்சேன். ஒரு மணி நேரம் ஆயிடுச்சு. வந்து பார்த்தா... ஸ்ட்ரா மடியில கிடந்துச்சு. துளையை பிளாஸ்டர் மூடியிருந்துச்சு."

பென்சில் நோட்டைக் கிழித்துக்கொண்டு போனது. ஒரே சொல். "முழுசா."

கிழவர் நோட்டைப் படித்தார்.

"முகம் அவ்வளவு நல்லா வந்திருந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல. அதையே வெச்சு முகமூடி பண்ணிட்டேன்."

டப்.

அச்சு தானாகக் கழன்று என் கையில் விழுந்தது. பூப்போல.

நபோர் வாயைத் திறந்து காற்றை இழுத்தான். அந்தச் சத்தம்... பிறந்த குழந்தை முதல் தடவை அழுமே, அதைவிட எனக்கு இனிப்பாக இருந்தது. உதடு நீலமாக இருந்தது. கண் திறக்கவில்லை. நானும் இக்கேரும் அவனைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஓடினோம். 1:19.

வாத்தியாரை வாருங்கள் என்று நாங்கள் கூப்பிடவில்லை. வாசலில் திரும்பிப் பார்த்தேன். அவர் மெல்ல நடந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தார். ஏன் அதில் போய் உட்கார்ந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நபோர் பிழைத்தான். அவனுக்கு எதுவும் நினைவில்லை. காதருகே யாரோ மூச்சு விடுவதாக எழுதியதுகூட. சூடாக இருந்தது, தூங்கிவிட்டேன் என்கிறான்.

2:30க்குப் பட்டறைக்குத் திரும்பினேன். வாத்தியார் அதே நாற்காலியில் இருந்தார். கண் மூடியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இரண்டு கையும் கைப்பிடி மேல். இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அழுத்திய தடம், ஆழமாக. கயிறு எங்கேயும் இல்லை. டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். மூச்சு முட்டிச் செத்தவர் போலத்தான் இருக்கிறது, ஆனால் மூக்கிலும் வாயிலும் ஒன்றும் இல்லையே என்று அவரே முணுமுணுத்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், ஒரு துளி வரவில்லை.

இக்கேரின் கேமராவில் வாக்குமூலம் முழுக்கப் பதிவாகியிருந்தது. இதையே விளம்பரமாக விட்டால் படம் எங்கேயோ போய்விடும் என்றான். ஓர் அறை விட்டேன். பிறகு இருவருமாகப் போய் போலீஸிடம் கொடுத்தோம். குற்றவாளி செத்துவிட்டான், பிணத்தை எங்கே போட்டார்கள் என்றும் தெரியாது, இதில் என்ன விசாரிப்பது என்று கோப்பை மூடிவிட்டார்கள். படமும் நின்றது.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒரு வாரம் மில்பா ஆல்தாவில் அலைந்தேன். நோபால் கள்ளி விற்கிற சந்தையில் ஒரு கிழவியைக் காட்டினார்கள். எர்மிலா. அன்செல்மோவின் தங்கை. கத்தியால் கள்ளியின் முள்ளைச் சீவிக்கொண்டே பேசினாள். அண்ணனா, அவன் வடக்கே எல்லை தாண்டிப் போய்விட்டான் என்று சினிமாக் கம்பெனிக்காரர்கள் வந்து சொன்னார்களாம். ஒரு கடிதம்கூடப் போடாத பாவி என்று அம்மா திட்டிக்கொண்டே செத்தாளாம். எங்கேயோ உயிரோடு இருக்கிறவனுக்கு எப்படிப் படையல் வைப்பது? ஐம்பத்து மூன்று வருஷமாக, இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாளில் அவனுக்கு ஒரு மெழுகுவத்திகூட ஏற்றவில்லை.

"'கிணற்றுக்காரன்' பேய்ப்படம் பார்த்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"பேய்ப்படமா? ஐயோ, எனக்கு ஆகவே ஆகாதும்மா. பயந்து செத்துடுவேன்."

அண்ணன் செத்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனில் அந்த முகத்தை எடுத்துக் காட்டினேன். வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். கத்தி நின்றது. 

"இது என் பேரன் சட்டையில இருக்கிற மூஞ்சியாச்சே," என்றாள். "சந்தையில வாங்கினான். ரெண்டு வருஷமா வாரா வாரம் நான்தான் தோய்க்கிறேன். மூஞ்சி மேல கறை பட்டுச்சுன்னா பிரஷ் வெச்சு நல்லா அழுத்தித் தேய்ப்பேன்."